பிரம்மாண்டமானவை எல்லாம் உன்னதமானவை ஆகுமா?

கேள்வி: நூலகவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் வாசிப்பதற்காக அழகியல் குறித்து ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். உன்னதத்தையும் பிரம்மாண்டத்தையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டிய இடத்தில் கட்டுரை நின்றுவிட்டது. பெரிய மலை, பெரிய கோயில், கரை தெரியாத கடல் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். கேட்பவருக்கும் அதில் குறை தோன்றுவதில்லை. ஆயினும் இரண்டும் ஒன்றுதான் என்று ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

1762இல் வெளியான தமது திறனாய்வு நூலில் ஸ்காட்லாந்துக்காரரான கேம்ஸ் பிரபு இவ்விரண்டையும் ஒரே அத்தியாயத்தில் எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கிறார். பேருருவத்தோடு ஒழுங்கும் அழகும் சேர்ந்தால் பிரம்மாண்டம்; உயரம் மனத்தை மேலே தூக்கினால் உன்னதம். ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயமும் எகிப்தின் பெரிய பிரமிடும் பிரம்மாண்டத்துக்கு அவர் தரும் சான்றுகள். அளவில் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தோற்றம் இனிமையாக இல்லாத திமிங்கிலத்தை அவர் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. இது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மானியத் தத்துவவாதி காண்டின் 1790ஆம் ஆண்டு நூலைத் திறந்தால், அதே பிரமிடும் அதே பேராலயமும் உன்னதத்தைப் பற்றிய பகுதியில் வந்து நிற்கின்றன. பழைய கிரேக்கத் திறனாய்வாளர் லாங்கினஸோ அளவே இல்லாத ஒன்றை, ஒரு மனிதன் பேசாமல் இருந்ததை, உன்னதம் என்கிறார்.

அளவுதான் காரணம் என்றால் அந்த மௌனம் எப்படி உன்னதமாகும்? அளவு காரணம் இல்லை என்றால் காண்ட் ஏன் பிரமிடைத் தேடிப் போக வேண்டும்? இதில் தேர்ந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி: தென்பொருநை

நண்பருக்கு வணக்கம். லாங்கினஸைப் பற்றிய ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் இந்த விவாதத்தின் வேர் லாங்கினஸிடம்தான் இருக்கிறது. அந்தக் கிரேக்க நூலை எழுதியவர் உண்மையில் யார் என்பது உறுதியாகவில்லை, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். இடையிடையே பகுதிகள் அழிந்துபோன நிலையில்தான் அது நம் கைக்கு வந்திருக்கிறது. 1674இல் கவிஞர் பொய்லோ பிரெஞ்சு மொழியில் பெயர்த்த பிறகு ஐரோப்பாவின் இலக்கிய உலகம் முழுவதும் அதைப் படித்தது.

அவர் முதன்மையாகப் பேசுவது சொல்லின் ஆற்றலைப் பற்றி. அங்கே உங்கள் கேள்விக்கு நேராகவே ஒரு பதில் இருக்கிறது. ஒரு பொருளை அடுக்கியும் விரித்தும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்துரைத்து வலுவேற்றும் முறையை அவர் உன்னதத்திலிருந்து பிரித்து வைக்கிறார். அதற்கு எப்போதும் எண்ணிக்கையும் மிகுதியும் தேவைப்படும். உன்னதம் பல வேளைகளில் ஒரே ஓர் எண்ணத்துக்குள் அடங்கிவிடும் என்பது அவர் வாதம். இதையொட்டி அவர் இரண்டு பேச்சாளர்களை அருகருகே நிறுத்துகிறார். கிரேக்கரான டெமாஸ்தனிஸ் இடியைப் போல ஒரே வீச்சில் விழுகிறவர். ரோமரான சிசரோ நாலாபுறமும் பரவிக் கொழுந்துவிட்டு எரியும் பெருந்தீயைப் போன்றவர். சிசரோவைச் சிறியவர் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பரவலுக்கு உரிய இடமும் உரிய பயனும் உண்டு. நாம் பிரம்மாண்டம் என்று சொல்வதற்கு மிக நெருங்கியது அந்தப் பரவல்தான் என்பது என் கருத்து.

இனி அந்த மௌனத்துக்கு வருகிறேன். ஹோமரின் ஒடிசியில் பதினோராம் பாடலில் ஒடிசியஸ் இறந்தோர் உலகத்தின் வாயிலுக்குச் செல்கிறான். அக்கிலீஸின் படைக்கலங்கள் யாருக்கு என்ற போட்டியில் அவனிடம் தோற்று, அந்த அவமானத்தால் உயிரை மாய்த்துக்கொண்ட அஜாக்ஸ் அங்கே ஒதுங்கி நிற்கிறான். பழையதை மறந்துவிடும்படி ஒடிசியஸ் நயந்து பேசுகிறான். அந்தப் படைக்கலங்களை வெல்லாமலே இருந்திருக்கலாமே என்று வருந்துகிறான். அஜாக்ஸ் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி மற்ற ஆவிகளோடு இருளுக்குள் போய்விடுகிறான். எந்தச் சொல்லைவிடவும் இந்த மௌனம் உயர்ந்தது என்கிறார் லாங்கினஸ். ஒரு பெரிய ஆன்மாவின் எதிரொலியே உன்னதம் என்று அவர் வரையறுப்பதும் இந்த இடத்தில்தான். அஜாக்ஸ் அங்கே வாய் திறந்து நூறு வரி புலம்பியிருந்தால் காட்சி பெரிதாகியிருக்கும். அவன் சிறுத்துப் போயிருப்பான்.

இதே அத்தியாயத்தில் யூதர்களின் மறைநூலிலிருந்தும் ஒரு சான்று தருகிறார் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார், வெளிச்சம் உண்டாயிற்று என்ற ஆதியாகமத்தின் வாக்கியம்தான் அது. உலகமே பிறக்கும் நிகழ்ச்சி; சொல்லப்பட்டதோ மிகச் சில சொற்களில். உயர்ந்ததை ஆடம்பரமாக எழுதப் புகுந்தவர்களைப் பற்றி அவர் வேறோரிடத்தில் கடுமையாகவே பேசுகிறார். வீங்கிய நடை உன்னதத்தை எட்ட முயன்று தவறிய நடை. உடம்பில் நீர் கோத்து வீங்கியவனைவிட வறண்டவன் யாரும் இல்லை என்பது அவர் எடுத்துக்காட்டும் பழமொழி.

ஆகவே கட்டுரையில் அளவைக் கொண்டு தொடங்க வேண்டாம். அளவு இல்லாமலும் உன்னதம் உண்டு என்பதை முதலில் நிறுவிவிட்டால், அளவு எங்கே, எப்படி அதற்கு உதவுகிறது என்ற கேள்வி பின்னால் எளிதாகும்.


மறுமொழி: கார்முகில்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். காண்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதியை அவசரமாகப் படித்தால், பெரிய கட்டடங்களுக்கு உன்னதப் பட்டம் கொடுக்கிறார் என்றே தோன்றும்.

அவர் பிரமிடை எடுத்துக்கொண்டது ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக. எகிப்துக்குச் சென்று வந்த சவாரி என்பவர் எழுதிய கடிதங்களில் ஒரு குறிப்பு இருக்கிறது: பிரமிடின் முழு ஆற்றலை உணர வேண்டுமானால் மிக அருகிலும் போகக்கூடாது, மிகத் தொலைவிலும் நிற்கக்கூடாது. தொலைவில் நின்றால் கற்கள் மங்கிப் போய் வெறும் முக்கோணம்தான் தெரியும். மிக அருகில் நின்றாலோ அடித்தளத்திலிருந்து உச்சிவரை கண் ஏறிச் செல்வதற்கு நேரம் பிடிக்கும்; மேலே உள்ளவற்றைக் கண் எட்டுவதற்குள் கீழே பார்த்தவை மனத்திலிருந்து நழுவிவிடும்; முழுவதையும் ஒன்றாகத் தொகுத்துக்கொள்ளவே முடியாது. காண்டுக்கு வேண்டியது இந்தத் தோல்விதான். ஒவ்வொன்றாக உள்வாங்கிக்கொண்டே போவதற்கு மனத்துக்கு எல்லை கிடையாது. உள்வாங்கியதை ஒரே பார்வையில் சேர்த்துப் பிடிப்பதற்கு எல்லை உண்டு. அந்த எல்லையில் கற்பனை திணறுகிறது. ஆனால் நம் பகுத்தறிவு, எதையும் முழுமையாகவே கொண்டுவா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. முதலில் வருவது வலி. அந்த வலியின் ஊடாகவே, புலன்களுக்கு எட்டாத ஒன்றை எண்ணிப் பார்க்கும் ஆற்றல் நம்மிடம் இருக்கிறது என்ற உணர்வு எழுகிறது. இன்பம் அதிலிருந்து வருகிறது. பேராலயத்துக்குள் முதன்முறை நுழைபவர் திகைத்து நிற்பதை அவர் குறிப்பிடுவதும் இதே திணறலை விளக்குவதற்காகத்தான்.

உங்கள் ஐயத்தைத் தீர்க்கும் வரிகள் அதை அடுத்தே வருகின்றன. தூய உன்னதத்தைக் காட்ட வேண்டுமானால், மனித நோக்கமே வடிவத்தையும் அளவையும் தீர்மானித்த கட்டடங்களிடமோ தூண்களிடமோ போகக்கூடாது. பண்படாத இயற்கையிடம் போக வேண்டும் என்கிறார். இன்னும் ஒரு படி மேலே சென்று, உன்னதம் எந்தப் பொருளிலும் இல்லை, பார்ப்பவரின் மனத்திலேயே இருக்கிறது என்று முடிக்கிறார். புயலில் கொந்தளிக்கும் கடல் அவர் கணக்கில் உன்னதமானது அன்று. அதன் தோற்றம் கொடுமையானது. அதைக் கண்டு நம்முள் எழுவதுதான் உன்னதம்.

1764இல், அதாவது கால் நூற்றாண்டுக்கு முன்னர், அவரே எழுதிய ஒரு சிறு நூலில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே உன்னதத்தை அச்சுறுத்துவது, மேன்மையானது, ஒளிவீசுவது என மூன்றாக வகுத்தார். பெரியதும் எளியதுமான ஒரு சட்டகத்தின் மேல் பொன்னும் கற்பதிப்பு ஓவியங்களும் பரவிக் கிடக்க, அவற்றை ஊடுருவி உன்னதம் தெரிவதால் புனித பேதுரு பேராலயம் மூன்றாம் வகையைச் சேர்ந்தது என்றார். நாம் பிரம்மாண்டம் என்று அழைப்பதை இளைய காண்ட் உன்னதத்தின் ஒரு கிளையாக வைத்திருந்தார். முதிய காண்ட் அந்தக் கிளையைக் கைவிட்டார். கேம்ஸ் பிரபுவின் பிரிப்போடு ஒப்பிட இந்த மாற்றம் மிகவும் பயன்படும்.

என் முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்வதானால்: பிரம்மாண்டத்தின் முன்னால் நம் அளவுகோல் நிறைவு பெறுகிறது, உன்னதத்தின் முன்னால் அது கைவிடுகிறது.


மறுமொழி: வெண்மணற்பரப்பு

கார்முகில் அவர்களின் விளக்கம் மிகத் துல்லியமானது, நன்றி. ஆனால் அந்த முடிவை நான் முழுமையாக ஏற்க முடியாது, ஏனெனில் காண்டின் வழியில் போனால் மலை வெறும் சாக்காகிவிடுகிறது. மலையைப் பார்த்துவிட்டு, என் பகுத்தறிவு எவ்வளவு உயர்ந்தது என்று மகிழ்ந்து வீடு திரும்புவது எனக்கு நிறைவளிக்கவில்லை.

இதே பகுதியை நம் இலக்கணம் வேறொரு வாயிலிலிருந்து அணுகியிருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் மருட்கை என்னும் வியப்புணர்வுக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெருமை அந்த நான்கில் ஒன்றே ஒன்றுதான் என்பதும், அதன் பக்கத்திலேயே சிறுமை இருக்கிறது என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அச்சத்துக்குத் தனி நூற்பா, பெருமிதத்துக்குத் தனி நூற்பா. கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ்மை, கொடை ஆகியவற்றால் பெருமிதம் பிறக்கும் என்கிறது அந்நூல். தென்பொருநை அவர்கள் காட்டிய அஜாக்ஸின் மௌனத்தை நான் அங்கேதான் வைப்பேன். ஐரோப்பியர் உன்னதம் என்று ஒரே பெயரில் கட்டிவைத்த அனுபவத்தை நம் இலக்கணம் மருட்கை, அச்சம், பெருமிதம் என்று மூன்று இடங்களில் வைத்திருக்கிறது. எது சரி என்று நான் வழக்காடவில்லை. ஆனால் மூன்றாகப் பிரித்துப் பார்த்தால், மௌனத்தையும் மலையையும் ஒரே விளக்கத்துக்குள் அடக்க வேண்டிய நெருக்கடி குறைகிறது.

சிறுமையைப் பற்றி ஒரு சொல். அயர்லாந்தில் பிறந்த சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1757இல் உன்னதத்தைப் பற்றி எழுதிய நூலிலும் இது தலைகாட்டுகிறது. அளவற்ற பெரியது உன்னதமாவது போலவே சிறியதின் கடைக்கோடியும் ஓரளவு உன்னதமானது என்றும், பொருளைப் பிளந்துகொண்டே போனால் முடிவு காண முடியாமல் மனம் தடுமாறுகிறது என்றும் அவர் எழுதுகிறார். சிறியது ஒருநாளும் பிரம்மாண்டம் ஆகாது. இந்த இரண்டு சொற்களின் எல்லைகளும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டைக் கட்டுரையில் அவசியம் எடுத்தாளுங்கள். தலைவி தன் நட்பை நிலத்தோடு ஒப்பிடுகிறாள், அதனினும் பெரிது. வானோடு ஒப்பிடுகிறாள், அதனினும் உயர்ந்தது. கடல்நீரோடு ஒப்பிடுகிறாள், அதனினும் அளத்தற்கு அரியது. மனிதக் கண்ணுக்கு எட்டிய மூன்று பேரளவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுப்போகின்றன. இதுவரை உள்ளது காண்ட் சொன்ன அளவுகோலின் தோல்வியேதான். பாட்டு அத்தோடு நிற்கவில்லை. அடுத்த அடியிலேயே மலைச்சரிவுக்கும், கரிய கொம்புகளை உடைய குறிஞ்சிச் செடிக்கும், அதன் பூக்களிலிருந்து தேனீக்கள் இழைக்கும் தேனுக்கும் வந்துவிடுகிறது. எண்ணற்ற சிறு பூக்களிலிருந்து துளித்துளியாகச் சேர்ந்த பெருந்தேன்! அளவு கடந்ததைச் சொன்ன பிறகு உலகத்தை உதறிவிடாமல், உலகத்தின் மிகச் சிறியதொன்றில் அதை இறக்கி வைக்கிறார் தேவகுலத்தார். மனத்தின் உயரத்தை எண்ணி அந்தத் தலைவி பெருமைப்படவில்லை. அவள் பார்வை முழுவதும் அந்த நாடனின் மேல் இருக்கிறது.


நூலகவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குறுந்தொகைப் பாட்டைப் பலமுறை படித்திருந்தும் இந்தக் கோணத்தில் எண்ணியதில்லை. ஒரு துணைக்கேள்வி. எங்கள் வட்டத்தில் பெரும்பாலோர் தத்துவ நூல்களுக்குப் பழகாதவர்கள். அவர்கள் எல்லோரும் நேரில் கண்ட ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலை எந்தப் பக்கம் வைப்பது?


மறுமொழி: தென்பொருநை

தயக்கமின்றிப் பிரம்மாண்டத்தின் பக்கம் வைப்பேன். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1010இல் இராசராசன் காலத்தில் நிறைவு பெற்ற அந்த விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம். உயரம் மட்டுமே அதன் சிறப்பாக இருந்தால் பார்ப்பவர் மிரண்டு போயிருப்பார். ஆனால் 13 நிலைகளும் ஒரே முறையில் படிப்படியாகக் குறுகிச் செல்வதால் கண்ணுக்கு ஏறுவதற்கு வழி கிடைக்கிறது. சுற்றியுள்ள முற்றம் அகலமாக இருப்பதால் பின்னால் நகர்ந்து நின்று முழுவதையும் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ள முடிகிறது. பிரமிடின் அடியில் நின்ற பயணிக்கு நேர்ந்த திணறல் இங்கே நேராதபடி அந்தச் சிற்பிகள் பார்த்துக்கொண்டார்கள். பேருருவமும் ஒழுங்கும் அழகும் சேர்ந்தது பிரம்மாண்டம் என்ற கேம்ஸ் பிரபுவின் இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் அரிது. ஓர் அரசனின் ஆற்றலும் செல்வமும் கலைஞரின் கணக்கும் அங்கே கண்முன் நிற்கின்றன. நாம் பெருமையோடு நிமிர்கிறோம்.

மறுபக்கத்துக்குச் சிதம்பரத்தை வையுங்கள். சிற்றம்பலத்தின் பொற்கூரை பிரம்மாண்டத்தின் மொழியில்தான் பேசுகிறது. அதே சபையில் கூத்தப்பெருமானுக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்குகிறது. திரையை விலக்கினால் பொன்னாலான வில்வ இலை மாலைகளும் வெற்றிடமும்தான். வடிவமில்லாத ஆகாயத்துக்கு அங்கே வழிபாடு நடக்கிறது. காண்ட் இதை அறிந்திருக்கவில்லை, ஆனால் இதற்கு இணையான இரண்டைச் சொல்லியிருக்கிறார். உருவம் எதையும் செய்யாதே என்ற யூதக் கட்டளையைவிட உன்னதமான பகுதி அவர்களுடைய சட்டநூலில் இல்லை என்றார். இருப்பதும் இருந்ததும் இருக்கப்போவதும் நானே, என் முகத்திரையை எந்த மானிடனும் விலக்கியதில்லை என்று எகிப்தியத் தெய்வமான ஈசிஸின் ஆலயத்தில் பொறிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வாசகத்தைவிட உன்னதமான கூற்று ஒருவேளை இல்லவே இல்லை என்றும் எழுதினார்.

சமயம் சாராத சான்று வேண்டுவோருக்கு, ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஹ் வரைந்து 1810இல் பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்ட கடற்கரைத் துறவி ஓவியத்தைக் காட்டலாம். இரண்டு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள துணியில் ஒரு மணல்மேடு, ஒரு கருங்கடல், மேலே எல்லாவற்றையும் விழுங்கும் வானம், விரல் நகத்தளவே தெரியும் ஒரு மனிதன். முதலில் வரைந்திருந்த கப்பல்களை ஓவியரே பின்னர் வண்ணம் பூசி மறைத்துவிட்டார் என்பதை அகச்சிவப்புக் கதிர் ஆய்வு காட்டியிருக்கிறது. கண் தங்குவதற்கு இருந்த இடங்களையெல்லாம் அவர் எடுத்துவிட்டார். இமைகளை வெட்டியெடுத்துவிட்டதைப் போல இருக்கிறது என்று எழுத்தாளர் கிளைஸ்ட் அப்போது எழுதினார்.


மறுமொழி: உப்பங்கழி

இதுவரை யாரும் அச்சத்தைப் பற்றி விரிவாகப் பேசவில்லை. நான் அதிலிருந்துதான் வர வேண்டும்; நான் நாகைப் பகுதிக் கடற்கரையில் பிறந்தவன்.

பர்க்கின் நூலில் உன்னதத்தின் அடிப்படையே அச்சம்தான். வலியையும் ஆபத்தையும் நினைவூட்டும் எதுவும் உன்னதத்துக்கு ஊற்றாகலாம். ஆனால் அந்த ஆபத்து மிக நெருங்கிவிட்டால் அது வெறும் கொடுமையாகிவிடும், சற்றுத் தள்ளி இருந்தால்தான் இன்பம் தரும் என்கிறார். பள்ளத்தை எட்டிப் பார்ப்பது உயரத்தை அண்ணாந்து பார்ப்பதைவிட வலுவாகத் தாக்குகிறது என்று அவர் எழுதியிருப்பதை, உயரமே உன்னதம் என்ற கேம்ஸ் பிரபுவின் விதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் காட்டும் இன்னொரு வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தது. உழவு மாட்டுக்கும் வலிமை உண்டு, காளைக்கும் வலிமை உண்டு. நமக்குப் பணிந்து உழைக்கும் வலிமையில் உன்னதம் இல்லை, நம் கட்டுப்பாட்டுக்கு அடங்காத வலிமையில்தான் இருக்கிறது. விவிலியத்தில் யோபுவின் நூலில் வரும் லிவியாதான் என்னும் பெருங்கடல்விலங்கை அவர் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். அது உன்னோடு உடன்படிக்கை செய்துகொண்டு உனக்கு அடிமையாக இருக்குமோ என்று கேட்கிறது அந்நூல். கேம்ஸ் பிரபு பிரம்மாண்டத்தின் வாசலில் நிறுத்திவிட்ட அந்தக் கடல்விலங்கின் இனத்துக்குப் பர்க்கின் உன்னதத்தில் இடம் கிடைத்துவிட்டது. அரசர்களும் செல்வர்களும் எழுப்புகிற பிரம்மாண்டம் அனைத்தும் யாரோ ஒருவருக்குக் கட்டுப்பட்டது, யாரோ ஒருவரின் புகழுக்குப் பயன்படுவது. உன்னதத்துக்கு எசமானன் கிடையாது. உங்கள் கேள்விக்கு என்னுடைய விடை இதுதான்.

ஆனால் அந்தப் பாதுகாப்பான தொலைவு என்ற நிபந்தனை என்னை உறுத்துகிறது. பர்க்கைப் போலவே காண்டும் அதை வைக்கிறார்: நாம் பத்திரமான இடத்தில் நின்றால், புயலும் எரிமலையும் எவ்வளவு அச்சுறுத்துகின்றனவோ அவ்வளவு கவர்கின்றன. பிறகு ஓரிடத்தில் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோய் நாட்டு உழவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். பனிமலைகளின் மேல் காதல் கொண்டு ஏறுகிறவர்களை அவன் முட்டாள்கள் என்று சொன்னானாம். மனம் பண்பட்டவருக்கே உன்னதம் புலப்படும், பண்படாதவருக்கு அது வெறும் அச்சம் என்பதற்கு அவனை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கரையில் வாழ்ந்தவர்களிடம் போய், கடலின் உன்னதம் உங்களுக்குப் புலப்படவில்லையா என்று யாரேனும் கேட்டிருக்க முடியுமா? அவர்கள் பண்படாததால் அஞ்சவில்லை. கடலை அறிந்ததால் அஞ்சினார்கள். கரையில் நின்று ரசிக்கிறவரின் அனுபவத்தை அளவுகோலாக வைத்து, அந்தக் கடலில் பிழைக்கிறவரைக் குறைத்து மதிப்பிடும் எந்த விளக்கத்தையும் என்னால் ஏற்க முடியாது. கட்டுரையில் இந்த எதிர்ப்பையும் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


மறுமொழி: கார்முகில்

உப்பங்கழி அவர்களே, உங்கள் எதிர்ப்பு நியாயமானது. அந்த உழவனைப் பற்றிய வரியை நானும் காண்டுக்காக வாதாடிக் காப்பாற்றப் போவதில்லை. அந்த இடத்தில் அவர் தம்முடைய கொள்கைக்கே உண்மையாக இல்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

புயலையும் எரிமலையையும் பற்றிச் சொல்லும் அதே பகுதியில் அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். காட்டுமனிதன் முதல் நாகரிகத்தின் உச்சியில் இருப்பவன் வரை எல்லோரும் மிக உயர்வாக மதிப்பது யாரை? அச்சத்துக்கு இடம் கொடுக்காமல், ஆபத்துக்குப் பணியாமல், நன்கு சிந்தித்துத் தன் வேலையை முழு மூச்சாகச் செய்கிறவனை. அதனால்தான் அரசியல் வல்லுநனைவிடப் படைத்தலைவனுக்கே அழகியல் தீர்ப்பு முதன்மை தருகிறது என்கிறார். உடலை இயற்கை அழிக்கக்கூடும் என்று தெரிந்தும், நம்மில் உள்ள மனிதத்தன்மை அதன்முன் மண்டியிடத் தேவையில்லை என்ற உணர்வுதான் அவர் கூறும் உன்னதம். இந்த வரையறையை வைத்துக்கொண்டு பார்த்தால், பாதுகாப்பான பாறையில் நிற்கும் பார்வையாளருக்குக் கிடைப்பது உன்னதத்தின் ஒத்திகை மட்டுமே. கடல் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்டு, அஞ்சி, உயிரிழந்தவர்களை அடக்கம் செய்துவிட்டு, சில மாதங்கள் கழித்து மறுபடியும் படகைத் தள்ளிக்கொண்டு அதே நீருக்குள் போனவர்களிடம் ஒத்திகை எதுவும் இல்லை.

எனவே முதலில் நான் சொன்ன ஒற்றை வாக்கிய விடையைக் கட்டுரையில் தனியாக எடுத்து வைக்க வேண்டாம். அளவுகோல் கைவிடுவது பாதிதான். அதன் பிறகு அந்த மனிதன் எப்படி நிற்கிறான் என்பது மறுபாதி. லாங்கினஸ் ஆன்மாவைப் பற்றிப் பேசியதும், மெய்ப்பாட்டியல் தறுகண்ணைப் பெருமிதத்தில் சேர்த்ததும் அந்த மறுபாதிக்கு உரியவை. வெண்மணற்பரப்பு அவர்கள் எழுப்பிய கேள்வி, மலை வெறும் சாக்காகிவிடுகிறதா என்பது, அப்படியே நிற்கிறது. அதற்குக் காண்டிடம் நிறைவான விடை இருப்பதாக நான் நினைக்கவில்லை.


நூலகவாசி:

கட்டுரையின் வரிசையை மாற்றிவிட்டேன். அஜாக்ஸின் மௌனத்தில் தொடங்கி, தஞ்சையையும் சிதம்பரத்தையும் அருகருகே வைத்து, பிரமிடின் அடியில் நின்ற பயணியிடம் வருகிறேன். சவோய் உழவனுக்கும் உப்பங்கழி அவர்களின் எதிர்ப்புக்கும் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறேன். கேம்ஸ் பிரபுவின் உயரக் கணக்கை விட்டுவிட்டாலும், ஒழுங்கும் அழகும் சேராத பேருருவம் பிரம்மாண்டம் ஆகாது என்ற அவருடைய கூற்றை வைத்துக்கொள்கிறேன், ஏனெனில் பெரிய கோயிலைப் பற்றி இங்கே சொல்லப்பட்ட எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. கூட்டத்தில் எழும் கேள்விகளை இதே இழையில் பதிவிடுகிறேன்.